வானத்து வழிக்கும் ஹக்கு உண்டு



தலைப்பைப் பார்த்ததும், "எழுதுவதற்கு எத்தனையோ விஷயங்கள் இருக்க, இவள் ஏன் ஆகாயத்துக்கு ஏறிவிட்டாள்?" என்று நீங்கள் நினைக்கக் கூடும். நான் எழுதப் போவதும் பிள்ளை வளர்ப்பைப் பற்றித்தான். பிள்ளை வளர்ந்து, நமது கைக்கு எட்டாத தூரத்துக்குப் போன பிறகு ஒரு தாய் எதைக் கேட்க வேண்டும், எதைக் கேட்காமல் விட்டுவிடக் கூடாது என்பதைப் பற்றி. சற்றுப் பொறுமையாகப் படியுங்கள்.

நான் இருப்பது பட்டிப்பொலவில். இலங்கையிலேயே மிக உயரமான ரயில் நிலையம் எங்களுடையது. கடல் மட்டத்திலிருந்து 6,200 அடிக்கு மேல். ஒரு பக்கம் அம்பேவெல புல்வெளி, மறுபக்கம் ஹோட்டன் சமவெளிக்குப் போகும் பாதை. பகல் பத்து மணிக்கே பனிமூட்டம் வந்து வாசற்படியில் நிற்கும். என்னுடைய வாப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். அதனால் ரயில் சத்தம் கேட்டே வளர்ந்தவர்கள் நானும் ராத்தாவும். ராத்தா வாழ்க்கைப்பட்டுப் போனது வெலிமடைக்கு. நான் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்று இங்கேயே இருக்கிறேன்.

சென்ற வருடம் நோன்புப் பெருநாள் முடிந்த மறுவாரம் ராத்தா திடீரென்று வந்து நின்றாள். முகம் வீங்கியிருந்தது. தேநீரைக் கொடுத்துவிட்டு, "என்ன ராத்தா?" என்றேன். அவளுடைய இளைய மகன் ஜேர்மனியில் பொறியியலாளராக இருக்கிறான். அவன் கிளைடர் ஓட்டப் பழகி நான்கு வருடங்கள் ஆகிவிட்டனவாம். இவ்வளவு நாளும் உம்மாவிடம் சொல்லவில்லை. இப்போது ஒரு போட்டியில் பறக்கப் போகிறான். "உம்மா, நீங்க மனம் பொருந்தித் துஆச் செய்தால் போவேன். வேண்டாம் என்றால் விட்டுவிடுவேன்" என்று தொலைபேசியில் சொல்லியிருக்கிறான்.

"நீ அவனுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவள். நீ வேண்டாம் என்றால் கேட்பான். சொல்லிவிடு" என்றாள் ராத்தா.

அவளுடைய பயத்துக்கு ஒரு காரணம் உண்டு. 1974ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ்ஜுக்காக ஜித்தா நோக்கிப் புறப்பட்ட விமானம் ஒன்று, கட்டுநாயக்கவில் இறங்க வரும் வழியில், நோட்டன்பிரிட்ஜ் அருகே ஏழு கன்னியர் மலையில் மோதியது. ஹாஜிகள் 182 பேர், விமான ஊழியர் 9 பேர், ஆக 191 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. தாங்கள் இருக்கும் இடத்தை விமானிகள் தவறாகக் கணித்ததே காரணம் என்று பின்னர் விசாரணையில் தெரிந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது, ராத்தாவுக்குப் பதின்மூன்று. வாப்பா காயிப் ஜனாஸாத் தொழுகை தொழுதுவிட்டு வந்து, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தது இன்னும் நினைவில் இருக்கிறது. உம்மா அந்த வாரம் முழுதும் யாஸீன் ஓதினார்கள். அன்று முதல் ராத்தாவுக்கு விமானம் என்றால் அந்த மலைதான்.

"நான் சொல்கிறேன். ஆனால் முதலில் அவனிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்" என்றேன்.

தெரியாத ஒன்றைத் தடுப்பதும் தெரியாத ஒன்றுக்குச் சம்மதிப்பதும் ஒன்றுதான், சகோதரிகளே. இரண்டிலும் நாம் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறோம்.

பருந்தைப் போல ஒரு விமானம்

அன்றிரவே அவனை அழைத்தேன். "சாச்சி, உம்மா அழுதாங்களா?" என்பதுதான் அவனுடைய முதல் கேள்வி. "அது இருக்கட்டும். கிளைடர் என்றால் என்ன என்று எனக்குப் பாடம் சொல்" என்றேன். அன்றும் அதற்குப் பிந்திய பல இரவுகளிலும் அவன் சொன்னவற்றையும், நானாகத் தேடிப் படித்தவற்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

கிளைடர் என்பது மோட்டார் இல்லாத விமானம். வேறொரு விமானம் இழுத்துச் சென்று மேலே விடும். அல்லது தரையிலிருந்து நீண்ட கம்பிவடத்தைச் சுருட்டி இழுத்து, காற்றாடி விடுவதுபோல் ஏற்றிவிடுவார்கள். அதன் பிறகு காற்றுத்தான் எல்லாம். வெயிலில் நிலம் சூடாகும்போது அதன்மேல் உள்ள காற்றும் சூடாகித் தூண்போல எழுகிறது. பருந்து சிறகை அசைக்காமல் வட்டமிட்டு மேலே போவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தூணுக்குள் நின்றுதான் அது ஏறுகிறது. கிளைடரும் அப்படியே. சூரா முல்கில் பறவைகளைப் பற்றி வரும் ஆயத்தை நாம் இரவுதோறும் ஓதுகிறோம். அதை ஓதும்போது இப்போதெல்லாம் எனக்கு இவனுடைய நினைவு வருகிறது.

இந்த ஆசை நம்மவர்களுக்குப் புதியதும் அல்ல. ஒன்பதாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் குர்துபா நகரில் வாழ்ந்த அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ், சிறகு கட்டிக்கொண்டு பறந்து பார்த்தார் என்று வரலாற்றாசிரியர் அல்மக்கரீ எழுதியிருக்கிறார். சிறிது தூரம் பறந்தார். இறங்கும்போது முதுகில் அடிபட்டது. பறவை இறங்குவதற்கு வாலும் தேவை என்பதை அவர் கவனிக்கவில்லையாம். சந்திரனில் உள்ள பள்ளம் ஒன்றுக்கு இன்று அவருடைய பெயர் இருக்கிறது. நமது அண்டை நாடான இந்தியாவிலும் புனே நகரத்து ஹடப்சரில் பல வருடங்களாகக் கிளைடர் பயிற்சி நடந்து வந்திருக்கிறது.

"சரி, மகன். விழுந்துவிட மாட்டாயா?" என்றேன்.

"சாச்சி, அது தானாக விழாது. மெதுவாக இறங்கும், அவ்வளவுதான். நாங்க பயப்படுவது விழுவதற்கில்லை. மோதுவதற்கு."

கண்ணுக்குத் தெரியாத புள்ளி

வாப்பாவின் காலத்தில் எங்கள் மலைநாட்டு ரயில் பாதையில் ஓர் ஏற்பாடு இருந்தது. ஒற்றைத் தண்டவாளம். பட்டிப்பொலவிலிருந்து ஒஹிய போகும் ரயிலின் சாரதிக்கு, நிலையத்தில் ஒரு வளையத்தில் மாட்டிய டேப்லட்டைக் கொடுப்பார்கள். அது கையில் இருந்தால்தான் ரயில் நகரலாம். இரண்டு நிலையங்களுக்கும் இடையில் ஒரே நேரத்தில் ஒரு டேப்லட்தான் வெளியே இருக்கும். ஆகவே எதிரும் புதிருமாக இரண்டு ரயில்கள் வர வழியே இல்லை. பனியில் கை நீட்டினால் விரல் தெரியாத நாளிலும் வாப்பா நிம்மதியாக இருந்தது அந்த டேப்லட்டால்தான்.

"உன்னுடைய வானத்தில் டேப்லட் யார் கொடுக்கிறார்?" என்று கேட்டேன்.

பெரிய பயணிகள் விமானங்களுக்குத் தரையிலிருந்து ஒருவர் வழி சொல்கிறார். அதிலும் தவறு நேர்ந்ததுண்டு. 1996 நவம்பர் 12ஆம் திகதி டில்லிக்கு அருகே சர்க்கி தாத்ரியில், சவூதி விமானமும் கஸக்ஸ்தான் விமானமும் நேருக்கு நேர் மோதி 349 பேர் மறைந்தார்களே, நினைவிருக்கிறதா? சவூதிக்கு உழைக்கப் போன எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் அதில் இருந்தார்கள். சவூதி விமானம் 14,000 அடியில் நிற்க வேண்டும், எதிரே வந்தது 15,000 அடியில் நிற்க வேண்டும். பின்னது நிற்கவில்லை, இறங்கிவிட்டது. அதன் பிறகுதான் பயணிகள் விமானங்களில் மோதல் எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும் என்று இந்தியா கட்டாயமாக்கியது.

ஆனால் கிளைடர்களும் இரண்டு நான்கு பேர் செல்லும் சிறிய விமானங்களும் பறக்கும் தாழ்வான வானத்தின் பெரும்பகுதியில் அப்படி வழி சொல்பவர் கிடையாது. அங்கே சட்டம் ஒன்றுதான்: பார், விலகு. ஓட்டுபவரின் இரண்டு கண்கள்தான் டேப்லட்.

கண் போதாதா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஒரு சிறிய விமானம் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது, எதிரே கிளைடர் 150 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று வையுங்கள். இரண்டுக்கும் இடையே உள்ள ஒரு கிலோமீட்டர் பத்து விநாடிகளில் தீர்ந்துவிடும். ஆனால் ஒரு பொருளைக் கண்டு, அது விமானம் என்று அறிந்து, மோதப் போகிறது என்று உணர்ந்து, எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவெடுத்து, கை அசைந்து, விமானமும் திரும்ப 12.5 விநாடிகள் தேவை என்று அமெரிக்க விமானத்துறை கணக்கிட்டிருக்கிறது. ஆகவே ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலேயே கண்டாக வேண்டும். கிளைடரோ வெள்ளை நிறம். நேர் எதிரே வந்தால் அதன் உடம்பு இரண்டடி அகலம்கூடச் சரியாக இருக்காது. சிறகு ஒரு கோடு. வெள்ளை மேகத்தின் முன்னால் வெள்ளைக் கோட்டைத் தேட வேண்டும்.

இன்னொன்றைச் சொன்னான். எனக்கு உடம்பு சிலிர்த்தது. நம்மீது மோத வருகின்ற விமானம் கண்ணாடியில் அசையாமல் ஒரே இடத்தில் நிற்குமாம். அசைவதைத்தான் கண் உடனே பிடிக்கும். அசையாத புள்ளியைக் கண்ணாடியில் உள்ள அழுக்கு என்று விட்டுவிடும். அந்தப் புள்ளி வெகுநேரம் புள்ளியாகவே இருந்து, கடைசி விநாடிகளில் திடீரென்று பெருக்கும். நமது வாழ்க்கையில் வரும் ஆபத்துகளும் இப்படித்தானே?

யார் யாருக்கு ஒதுங்குவது?

இதற்காகத்தான் வானத்துக்கும் ஒழுங்குகள் வைத்திருக்கிறார்கள். 1944 டிசம்பர் 7ஆம் திகதி சிகாகோவில் கையெழுத்தான உடன்படிக்கையின் வழியாக வந்த சர்வதேச விதிகள் அவை. நமது இலங்கையும் அந்த அமைப்பில் உறுப்பு நாடு. நேருக்கு நேர் வந்தால் இருவரும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். குறுக்கே சந்தித்தால், தனக்கு வலப்பக்கத்தில் மற்றவரைக் காண்பவர் வழி விட வேண்டும். மோட்டார் உள்ள விமானம் கிளைடருக்கு வழி விட வேண்டும். கிளைடர், தன்னைவிடவும் இயலாததான பலூனுக்கு வழி விட வேண்டும்.

இது எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. எங்கள் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் கொழுந்துக் கூடை சுமந்து வரும் பெண்ணுக்கு, வெறுங்கையோடு வருகிறவர் ஒதுங்கி நிற்பார். மலைப்பாதையில் ஏறி வரும் லொறிக்கு இறங்கி வருகிற லொறி இடம் விடும். சக்தி உள்ளவர் சக்தி குறைந்தவருக்கு ஒதுங்குவது. பாதைக்கும் அதன் ஹக்கைக் கொடுக்கும்படி நமது நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். அந்தப் பாதை தரையில் இருந்தால் என்ன, ஆகாயத்தில் இருந்தால் என்ன?

போட்டி நாட்களில் நிலைமை இன்னும் கடினம். ஐம்பது அறுபது கிளைடர்கள் ஒரே நாளில் கிளம்பும். நல்ல காற்றுத்தூண் ஒன்று கிடைத்தால் எல்லாம் அதற்குள்ளேயே வந்துவிடும். முதலில் நுழைந்தவர் எந்தப் பக்கமாகச் சுற்றுகிறாரோ அதே பக்கமாகத்தான் பின்னால் வருபவர்களும் சுற்ற வேண்டும். தவாபைப் போல என்று நினைத்துக்கொண்டேன். ஒருவர் எதிர்ப்பக்கமாகத் திரும்பினால் என்னவாகும்?

அந்தக் கூட்டத்தின் நடுவே வழிதெரியாமல் ஒரு சிறிய விமானம் புகுந்துவிட்டால் இரு தரப்புக்கும் ஆபத்து. ஆகவே போட்டி நடத்துவோர் எந்த நாள், எந்தப் பகுதி என்று விமானிகளுக்கு முன்கூட்டியே அறிவித்தல் வெளியிடச் செய்கிறார்கள். சிறிய விமானம் ஓட்டுகிறவர் புறப்படுமுன் அதைப் படிக்க வேண்டும். அந்தப் பகுதியைச் சுற்றிப் போக வேண்டும். போகத்தான் வேண்டுமென்றால் கிளைடர்கள் கூடும் மேகத்தின் அடிவயிற்றை ஒட்டிப் பறக்கக் கூடாது. அவர்களுடைய வானொலி அலைவரிசையைக் கேட்டுக்கொண்டு போக வேண்டும். கிளைடர் மைதானத்துக்கு நேர் மேலே தாழப் பறக்கவே கூடாது. ஏனென்றால் இழுக்கும் கம்பிவடம் இரண்டாயிரம் அடிக்கு மேலும் எழும். அது கண்ணுக்கே தெரியாது.

கருவிகளும் வந்திருக்கின்றன. கிளைடர்கள் மோதி உயிர்கள் போவதைக் கண்டு, சுவிட்சர்லாந்தில் கிளைடர் ஓட்டிகள் சிலரே 2004இல் ஃபிளார்ம் என்றொரு சிறு பெட்டியைக் கொண்டு வந்தார்கள். தான் அடுத்த சில விநாடிகளில் எங்கே இருக்கப் போகிறேன் என்பதை அது வானொலி மூலம் சுற்றிலும் சொல்லிக்கொண்டே இருக்கும். மற்றவருடைய பெட்டி சொல்வதையும் கேட்கும். இரண்டு வழிகளும் ஒன்றையொன்று வெட்டினால் சத்தமிடும். ஆனால் இருவரிடமும் இருந்தால்தான் பயன். ஒருவர் ஸலாம் சொல்லி மற்றவர் செவிடாக இருந்தால் என்ன செய்வது?

அவன் மறைத்து வைத்திருந்தது

இவ்வளவையும் கேட்ட பிறகு எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது. அப்போதுதான் ஆசிரியைப் புத்தி வேலை செய்தது. "மகன், இந்தக் கருவிகளை யாராவது நிறுத்தி வைப்பதுண்டா?" என்று கேட்டேன்.

அவன் சற்று நேரம் பேசவில்லை.

பிறகு 2006 ஆகஸ்ட் 28ஆம் திகதி அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் நடந்ததைச் சொன்னான். சுமார் 16,000 அடி உயரத்தில் ஒரு சிறிய ஜெட் விமானமும் ஒரு கிளைடரும் மோதின. கிளைடரில் டிரான்ஸ்பாண்டர் இருந்தது. தான் இருக்கும் இடத்தை ரேடாருக்கும் பிற விமானங்களுக்கும் அறிவிக்கும் கருவி அது. கிளைடரில் மோட்டார் இல்லாததால் மின்சாரத்துக்குப் பற்றரியை மட்டுமே நம்ப வேண்டும். பற்றரியை மிச்சப்படுத்துவதற்காக ஓட்டியவர் அந்தக் கருவியை நிறுத்தி வைத்திருந்தார். ஜெட் விமானத்தை ஓட்டிய கெப்டன் ஒரு பெண்மணி. முன்பக்கம் நொறுங்கி, முகத்தில் காயத்தோடு, சக்கரங்கள் இறங்காத நிலையிலும் அந்த விமானத்தைத் தரையில் இறக்கிவிட்டார். கிளைடர் ஓட்டி பாரசூட்டில் குதித்துத் தப்பினார். ஒருவரும் மரணிக்கவில்லை. அல்லாஹ்வின் அருள். கிளைடர்களுக்குக் கொடுத்திருந்த விதிவிலக்கை நீக்கும்படி விசாரணை செய்தவர்கள் பின்னர் பரிந்துரைத்தார்கள்.

"அது அமெரிக்கா. நீ?" என்றேன்.

"ஒரு தடவை சாச்சி. போன வருடம். பற்றரி குறைந்துகொண்டு வந்தது. இன்னும் ஒரு மணித்தியாலம் பறக்க ஆசை. நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் ஒரு சிறிய விமானம் எனக்குக் கீழே போனது. அவர் என்னைக் காணவில்லை. அதில் பின்னால் ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்ததை நான் கண்டேன். அவ்வளவு கிட்ட."

போட்டியில் வேறொரு பழக்கமும் இருக்கிறதாம். நான் எங்கே நல்ல காற்றுப் பிடித்திருக்கிறேன் என்று எதிராளி பார்த்துப் பின்தொடராமல் இருக்க, ஃபிளார்ம் பெட்டியில் விவரங்களைக் குறைத்துக் காட்டும் ஒரு வசதி உண்டு. மோதும் எச்சரிக்கை அப்போதும் வரும். ஆனால் தூரத்தில் யார் இருக்கிறார்கள் என்ற விவரம் குறைந்துவிடும். அது சரியா தவறா என்று அவர்களுக்குள்ளேயே விவாதம் நடக்கிறது.

நான் இதை ராத்தாவிடம் மறைக்கவில்லை. சொல்ல வேண்டியது அவன் என்று அவனையே சொல்ல வைத்தேன். தொலைபேசியை மேசையில் வைத்து, மகன் பேசுவதைத் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். திட்டுவாள், அழுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"அந்தப் பிள்ளைக்கும் ஓர் உம்மா இருப்பாதானே, மகன்?"

மறுமுனையில் பதில் இல்லை. அவன் அழுதான் என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு ராத்தா சொன்னாள்: "போ. நான் துஆச் செய்கிறேன். ஆனால் மூன்று பொருத்தம். பற்றரி கூடுதலாக ஒன்று கொண்டு போ. அந்தப் பெட்டிகளை நிறுத்தவும் கூடாது, குறைக்கவும் கூடாது, தோற்றாலும் பரவாயில்லை. இறங்கியதும் முதல் அழைப்பு எனக்கு."

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபிமொழியை எத்தனையோ முறை பாடசாலையில் பிள்ளைகளுக்கு நான் விளக்கியிருக்கிறேன். எனக்கு அது அன்றுதான் விளங்கியது.

போட்டி ஒன்பது நாள் நடந்தது. ஒன்பது நாளும் ராத்தா என் வீட்டில்தான் இருந்தாள். லுஹர் தொழுதுவிட்டு முஸல்லாவை மடிக்காமல் இருப்பாள். எங்கள் நேரப்படி இரவு எட்டு, ஒன்பது மணிக்கு அழைப்பு வரும். ஆறாம் நாள் அவன் சொன்னது இது: நல்லதொரு காற்றுத்தூணில் ஏறிக்கொண்டிருந்தானாம். பெட்டி சத்தமிட்டது. மேகத்தின் அடியை ஒட்டி ஒரு சிறிய விமானம் வந்துகொண்டிருந்தது. விதிப்படி வழி விட வேண்டியவர் அவர்தான். ஆனால் அவர் கண்டாரா என்று எப்படித் தெரியும்? இவன் தூணை விட்டு வெளியேறிவிட்டான். அந்த விமானம் போன பிறகு திரும்பி வந்தபோது காற்றுத் தேய்ந்துவிட்டது. அன்றைய பந்தயத்தை முடிக்க முடியாமல் ஒரு விவசாயியின் வயலில் இறங்கினான். கடைசியில் கிடைத்தது பத்தொன்பதாம் இடம்.

"பத்தொன்பதாம் பிள்ளைக்கு வட்டிலப்பம் செய்ய வேண்டும்" என்று சிரித்தாள் ராத்தா. அவள் அப்படிச் சிரித்து வெகுநாளாகியிருந்தது.

சகோதரிகளே, நம்முடைய பிள்ளைகளில் ஒருவன் லொறி ஓட்டுகிறான், ஒருவன் மோட்டார் சைக்கிளில் போகிறான், ஒருவன் கடலுக்குப் போகிறான். "கவனமாகப் போ" என்று சொல்லி ஸலவாத் ஓதி அனுப்புகிறோம். நல்லது. அதோடு இன்னும் இரண்டு கேள்விகளையும் கேட்போம். "எதிரே வருகிறவருக்கு உன்னைத் தெரிகிறதா? உனக்கு அவரைத் தெரிகிறதா?" மாலையில் விளக்கு எரிகிறதா, பிரேக் பிடிக்கிறதா, போட்டி போட்டு முந்துகிறானா என்று வாய் திறந்து கேட்போம். உண்மையைச் சொன்னால் உம்மா வீட்டைத் தலைகீழாக்க மாட்டாள் என்ற நம்பிக்கை பிள்ளைக்கு இருந்தால்தான் அவன் பதில் சொல்வான். ராத்தாவின் மகன் நான்கு வருடங்கள் மறைத்தது அந்த நம்பிக்கை இல்லாததால்தானே?

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பனி விலகி, நிலையத்துக்கு மேலே ஒரு பருந்து வட்டமிடுகிறது. வல்ல அல்லாஹ் நம் எல்லோருடைய பிள்ளைகளையும், அவர்களுக்கு எதிரே வருகிறவர்களுடைய பிள்ளைகளையும் காப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.